வாக்கியத்துக்குள் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகலாம்? – கேள்வி பதில்

தொடரியலில் அண்மைக் கட்டுப்பாடுகள் பற்றிக் கேள்வி அனுப்பியவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரு சொல்லுக்கும் அது உறவுகொள்ளும் இடத்துக்கும் நடுவே எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணைவிடக் காது நல்ல நீதிபதி. சரிவராத வாக்கியத்துக்கு முன்னால் நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

மேடம், 'தீவு', 'தீவு' என்கிறார்களே, அது என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் கேள்விச் சொல் வாக்கியத்தின் தலைக்கு வந்துவிடும். 'மாலா ரவியைப் பார்த்தாள் என்று கண்ணன் நினைக்கிறான் என்று நீ சொன்னாய்' என்று வாக்கியத்துக்குள் வாக்கியமாக எத்தனை அடுக்கினாலும், அடியில் கிடக்கும் ரவியைப் பற்றி 'ஹூ' என்று முன்னால் வைத்துக் கேட்டுவிடலாம். ஆனால் 'ரவி எழுதிய புத்தகத்தை நீ படித்தாய்' என்பதில் ரவியைப் பற்றிக் கேட்க முடியாது. *'ஹூ டிட் யூ ரீட் தி புக் தட் ரோட்?' என்றால் ஆங்கிலேயர் விழிப்பார். இத்தனைக்கும் இங்கே தூரம் குறைவுதான்.

இப்படி உள்ளே போனது வெளியே வர முடியாத இடங்களைத் தொகுத்து, 'தீவு' என்று பெயரும் வைத்தவர் ஜான் ராபர்ட் ராஸ். 1967இல் எம்.ஐ.டி.யில் கொடுத்த ஆய்வேட்டில் அதைச் செய்தார். பெயரைத் தழுவி நிற்கும் தொடர், 'உம்' போட்டு இணைத்த தொடர், எழுவாயாக நிற்கும் முழு வாக்கியம் என்று பட்டியல் போகும். 1973இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இவற்றில் பலவற்றை ஒரே விதியில் அடக்கப் பார்த்தார்: வாக்கியம், பெயர்த்தொடர் போன்றவற்றின் எல்லைகளில் இரண்டை ஒரே தாவலில் தாண்டக் கூடாது. அந்த விதி பல தடவை உருமாறிவிட்டது. ராஸ் காட்டிய உண்மைகளில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன.

'யார் எழுதிய புத்தகத்தைப் படித்தாய்?' என்று தமிழில் சர்வசாதாரணமாகக் கேட்கிறோமே. அப்படியானால் தமிழுக்குத் தீவே கிடையாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் கேள்விச் சொல் இருந்த இடத்திலேயே இருக்கும், நகராது. அதனால் பெயரெச்சத்துக்குள் 'யார்' உட்கார்ந்தாலும் தொந்தரவில்லை. ஆனால் எல்லாக் கேள்விச் சொல்லும் அப்படியா? பாருங்கள்:

எப்போது வாங்கிய பால் இது?
எங்கே வாங்கிய பால் இது?
எதற்காக வாங்கிய பால் இது?
*ஏன் வாங்கிய பால் இது?

கடைசி வாக்கியம் உடைகிறது. 'ஏன்' என்பதைத் தனியாக நிறுத்தி 'ஏன், வாங்கிய பால்தானே இது' என்று வேறு பொருளில்தான் படிக்க முடியும். பொருள் காரணம் என்றால் இது ஏதோ கேட்கக் கூடாத விஷயம் என்று நினைக்காதீர்கள். 'எதற்காக' கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறது, அது சரியாக இருக்கிறது. 'எது' என்ற பெயர் உள்ளே இருப்பதால் அது தப்பிக்கிறது என்பது நம்பத்தகுந்த விளக்கம். சீனத்தில் இதே வேறுபாட்டை 1982இல் ஜேம்ஸ் ஹுவாங் எடுத்துக்காட்டினார். சீனத்திலும் கேள்விச் சொல் நகர்வதில்லை. 'யார்', 'என்ன' இரண்டும் பெயரைத் தழுவும் தொடருக்குள் இருக்கலாம், 'ஏன்' முடியாது. காதுக்குத் தெரியாத ஒரு நகர்வு அங்கே நடக்கிறது என்று அவர் வாதாடினார்.

இன்னொன்று, நம் 'ஆ' விகுதி. 'ரவியா வந்தான்?' சரி. *'ரவியா எழுதிய புத்தகத்தைப் படித்தாய்?' சரியில்லை. சந்தேகம் ரவியைப் பற்றித்தான் என்றாலும் 'ரவி எழுதிய புத்தகத்தையா படித்தாய்?' என்று 'ஆ'வை வெளியே கொண்டுவந்து ஒட்ட வேண்டும். சிங்களத்தில் 'த' என்ற வினா இடைச்சொல்லும் இப்படியே நடந்துகொள்கிறது: கேள்விச் சொல் தொடருக்குள் இருக்கலாம், 'த' வெளியே வந்துவிட வேண்டும். ஆகத் தமிழுக்குத் தீவு உண்டு. 'யார்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் அது கண்ணுக்குப் படாது.

தமிழில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்கிறார்களே?

ஒரு வாக்கியத்துக்குள் பெருமளவு சரி. எல்லை வந்தால் நிலைமை மாறும். 'இந்தச் சட்டையைத் தம்பி வாங்கினான் என்றுதான் நான் நினைத்தேன்' என்பதை 'இந்தச் சட்டையை நான் தம்பி வாங்கினான் என்றுதான் நினைத்தேன்' என்று மாற்றலாம். பேச்சில் தாராளமாக வரும். அப்புறம் இதைப் பாருங்கள்: 'அம்மா, இந்தச் சட்டையை வாங்கிய தம்பியைத் திட்டினாள்.' சட்டையை முன்னால் இழுங்கள்: 'இந்தச் சட்டையை அம்மா வாங்கிய தம்பியைத் திட்டினாள்.' சட்டையை வாங்கியது இப்போது அம்மாவாகிவிட்டாள்! பெயரெச்சத்துக்குள்ளிருந்து சட்டை வெளியே வந்ததாக நம் மனம் ஏற்கவில்லை. அதற்குப் பதில் அம்மாவையே உள்ளே தள்ளிவிட்டது.

தமிழாசிரியனாகக் கேட்கிறேன், அம்மா. நம் இலக்கணங்களில் இதற்கு இடம் உண்டா?

நேரடியாக இல்லை, ஐயா. பக்கத்தில் வரும் ஒன்று உண்டு: பொருள்கோள், அதாவது செய்யுளின் சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்ற முறை. தொல்காப்பியம் நான்கு வகை சொல்கிறது, நன்னூல் எட்டு. நன்னூலின் கொண்டுகூட்டில் செய்யுளின் பல அடிகளிலும் கிடக்கும் சொற்களைப் பொருள் பொருந்தும் இடத்துக்கு எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். தொல்காப்பியத்தின் சுண்ணமோ இரண்டடி, எண்சீர் என்று எல்லை கட்டிவிடுகிறது. அதற்குள் சொற்கள் சிதறிக் கிடக்கலாம். சிதறலுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் அது செய்யுள் மரபு. அதையும் தீவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 'தன்னை' யாரைக் குறிக்கிறது என்பதில் அடிக்கடி தடுமாற்றம் வருகிறது.

'கண்ணன் அவனை அடித்தான்' என்றால் அடிபட்டவன் வேறொருவன். 'கண்ணன் தன்னை அடித்தான்' என்றால் ஏதோ குறைகிறது. 'தன்னைத்தானே அடித்துக்கொண்டான்' என்றதும் நிறைகிறது. ஆக அதே வாக்கியத்துக்குள் திரும்பிப் பார்க்க 'தன்'னுக்குத் துணை வேண்டியிருக்கிறது. 'மாலா தன்னை அடித்தாள் என்று கண்ணன் சொன்னான்' என்பதிலோ துணையே தேவையில்லை. 'தன்னை' எல்லை தாண்டிக் கண்ணனைப் பிடித்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' இதற்கு நேர்மாறு: தான் குறிக்கும் ஆளைப் பக்கத்திலேயே தேடும், எல்லை தாண்டாது. நீங்கள் தடுமாறுவது அதனால்தான்.

ஐஸ்லாந்து மொழியின் 'சிக்' நம்மைப் போல எல்லை தாண்டும். ஆனால் உள்வாக்கியத்தின் வினை, ஒருவர் சொன்னது அல்லது நினைத்தது என்று காட்டும் வடிவத்தில் இருக்க வேண்டும். நடந்ததை நேராகச் சொல்லும் வடிவம் வந்தால் பாதை அடைபடும். சீனத்தின் 'ஜீஜி'யும் தாண்டும். நடுவே 'நான்' எழுவாயாக வந்தால் நின்றுவிடும். எல்லையின் தன்மை மொழிக்கு மொழி வேறு, ஆனால் எல்லையே இல்லாத மொழி இதுவரை என் கண்ணில் படவில்லை.

தமிழில் இன்னொரு அழகும் உண்டு. 'தான் ஜெயிச்சேன்னு கண்ணன் சொன்னான்' என்று சிலர் பேசுவார்கள். எழுவாய் 'தான்', வினையோ தன்மையில். தப்பென்று திருத்திவிடாதீர்கள், சந்தியா சுந்தரேசன் போன்ற மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கும் அமைப்பு அது.

இதெல்லாம் சொற்களின் இடம் பற்றியது. பொருளுக்கும் இப்படி எல்லை உண்டா?

உண்டு. 'ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலர் நின்றார்': வாசலுக்கு ஒருவராகப் பல காவலர்கள். 'ஒவ்வொரு வாசலும் பூட்டியிருக்கிறது என்று ஒரு காவலர் சொன்னார்': இங்கே சொன்னவர் ஒருவர்தான். 'ஒவ்வொரு'வின் ஆட்சி 'என்று' வரை வந்து நின்றுவிடுகிறது.

'ஒரு' மட்டும் இதற்கு அடங்காது. 'மாமா ஒருவர் வந்தால் வீடே கலகலப்பாகிவிடும்' என்று சொல்லும்போது மனதில் ஒரு குறிப்பிட்ட மாமா இருக்கலாம். அந்த வாசிப்பில் அவர் 'வந்தால்' என்ற தொடருக்கு வெளியே நிற்பவர் போல. 'ஒவ்வொரு மாமாவும் வந்தால்' என்றாலோ எல்லா மாமாவும் வந்தாக வேண்டும். ஜேனட் ஃபோடரும் ஐவன் சாக்கும் 1982இல் ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைச் சுட்டியதிலிருந்து விவாதம் ஓயவில்லை.

இதெல்லாம் வெறும் ஞாபகசக்திப் பிரச்சினை இல்லையா? வாக்கியம் சிக்கலாக இருப்பதால் மூளை திணறுகிறது, அவ்வளவுதானே?

நியாயமான சந்தேகம், அப்படி வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் 2012இல் ஸ்ப்ரௌஸ், வேகர்ஸ், பிலிப்ஸ் மூவரும் ஆட்களின் நினைவாற்றலை அளந்து, தீவு வாக்கியங்களுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். நினைவாற்றல் கூடியவர்களுக்குத் தீவுகள் எளிதாகிவிடவில்லை. எனக்கு அது வலுவான சான்றாகவே படுகிறது.

மறுபக்கம் சுவீடிஷ் மொழி. 'அந்த மாதிரிப் பூ விற்கிற ஒருவரை எனக்குத் தெரியும்' என்பதில் பூவை மட்டும் பிடுங்கி முன்னால் வைக்கிறார்கள், இயல்பாக. ஆங்கிலத்தில் மோசமாக ஒலிக்கும். அங்கேயும் எல்லா வினைக்கும் நடக்காது. 'தெரியும்', 'இருக்கிறார்' போல ஆளை அறிமுகப்படுத்தும் வினைகளோடுதான் நன்றாக வருகிறது. செய்தியின் கனம் எங்கே விழுகிறது என்பதற்கும் பங்கு உண்டு என்று நோமி எர்ட்டெஷிக்-ஷிர் 1973லேயே சொன்னார். இரண்டு விளக்கமும் வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு கடைசிக் கேள்வி அக்கா. சொல் ஒரே தாவலில் போகாமல் படிப்படியாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? யாரும் பார்க்கவில்லையே!

வழியில் தடயம் விடுகிறது, தம்பி. ஐரிஷ் மொழியில் பெயரைத் தழுவும் தொடருக்குள்ளிருந்து வெளியே வருவது பல வாக்கியங்களைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் இணைப்புச் சொல் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும்; தாண்டாத வாக்கியத்தில் மாறாது. ஜெர்மன் பேசுபவர்கள் பலர் 'யார் சரி என்று நினைக்கிறாய்?' என்று கேட்க, 'வேர்' என்ற கேள்விச் சொல்லை இரண்டு இடத்திலும் சொல்வார்கள்: தலையில் ஒரு தரம், உள்வாக்கியத்தின் வாசலில் ஒரு தரம். ஆங்கிலம் கற்கும் சின்னக் குழந்தைகள் சிலரும் 'ஹூ டூ யூ திங்க் ஹூ இஸ் இன் தி பாக்ஸ்?' என்று கேட்கிறார்கள். ரோசலிண்ட் தோர்ன்டன் 1990இல் இதைச் சோதனையில் பதிவு செய்தார். வீட்டில் பெரியவர்கள் அப்படிப் பேசுவதில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.