தகர வீட்டில் வயர்லெஸ் மோடம்: எங்கே வைப்பது, எப்போது கழற்றுவது?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் உயர்தரம் படிக்கிறா. ஒன்லைன் வகுப்புக்கு சிம் போடுற வயர்லெஸ் மோடம் வாங்கினோம். எங்கட வீடு தகரம் போட்டது. உள்ளுக்குச் சிக்னல் குறைவு எண்டு மகன் அதை வளையில கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். மத்தியானத்தில தொட ஏலாத சூடு, இணைப்பும் விட்டு விட்டு வருது. போன ஐப்பசியில முந்தின மோடம் மின்னலுக்குப் போட்டுது. அண்டைக்கும் சுவிட்சை நிப்பாட்டித்தான் வைச்சிருந்தனாங்கள். பேரப்பிள்ளையும் அந்த அறையிலதான் படுக்கிறது. கதிர்வீச்சு கூடாது எண்டு அயலட்டைச் சனம் சொல்லுது. என்ன செய்யலாம்?"

அம்மா, முதல் வேலையாக அதை வளையிலிருந்து இறக்குங்கள். உயரத்தில் வைத்தால் சிக்னல் கூடும் என்பது வெளியில் சரி. தகரத்துக்குக் கீழே அது எடுபடாது. உலோகத்தை ஊடறுத்து ரேடியோ அலை வராது. உங்கள் வீட்டுக்குள் வருகிற சிக்னல் யன்னல், கதவு, சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள நீக்கல் ஆகியவற்றால்தான் பெரும்பாலும் வருகிறது. வீட்டுச் சூடு முழுவதும் போய்த் தேங்குகிற இடமும் அந்த முகட்டடிதான். இந்த வகை மோடங்களின் கையேட்டில் பெரும்பாலும் 40 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். வெளியிலேயே 35 பாகை அடிக்கிற நாளில் தகரத்துக்கு ஓரடி கீழே எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சூடு கூடினால் மோடம் தன் வேகத்தைத் தானே குறைக்கும், சிலவேளை நின்று மறுபடி தொடங்கும். இணைப்பு விட்டு விட்டு வருவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

சிக்னல் கோபுரம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்து யன்னலடியில், வெயிலும் தூவானமும் படாத இடத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மேசை போதும். தெரியாவிட்டால் ஒவ்வொரு யன்னலாக வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, சிக்னல் கோடுகளைப் பாருங்கள். மகளுக்குத் தெரிந்திருக்கும், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. (RSRP) என்று சிக்னலின் வலுவைக் காட்டும் ஒரு மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 110 என்றால் மோசம், மைனஸ் 85 என்றால் நல்லது. பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. இரவு ஏழு மணிக்குப் பிறகு வேகம் குறைந்தால் மோடத்தைத் திட்டாதீர்கள், அது ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பாவிப்பதால் வருவது.

ரி.வி.க்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், இரும்பு அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். செம்மண் புழுதிக்காகப் பூப்போட்ட துணியால் மூடுவதும் வேண்டாம். மூடினால் காற்றோட்டத் துவாரங்கள் அடைபடும். வாரத்துக்கு ஒருமுறை கரண்டைக் கழற்றிவிட்டுக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இனி மின்னல். சுவிட்சை நிப்பாட்டியும் மோடம் போனது ஏன்? சுவிட்சுக்குள் விலகுவது சில மில்லிமீற்றர் இடைவெளி மட்டுமே. மேகத்திலிருந்து நிலம் வரை கிலோமீற்றர் கணக்கில் காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு அது ஒரு தடையா? அதோடு பெரும்பாலான சுவிட்சுகள் ஒரு வயரைத்தான் துண்டிக்கும், மற்ற வயர் இணைந்தபடியே இருக்கும். மின்னல் உங்கள் வீட்டில் விழ வேண்டும் என்றும் இல்லை. வன்னியில் மின்கம்பிகள் வயல்வெளியாலும் காட்டோரத்தாலும் நெடுந்தூரம் போகின்றன. தூரத்தில் எங்கோ கம்பியிலோ அதற்கு அருகிலோ விழுந்தாலும் அந்த உதைப்பு கம்பி வழியே வீட்டுக்கு வரும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது ஆட்களை மின்ஒழுக்கிலிருந்து காப்பாற்ற வைத்தது, மோடத்தை மின்னலிலிருந்து காப்பாற்ற அல்ல.

ஆகவே பிளக்கையே கழற்றிவிடுங்கள். மோடத்தில் ரெலிபோன் வயரோ, கணினிக்குப் போகிற கேபிளோ, வெளி அன்ரனா வயரோ இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழக்கம் அநேகமாகப் பிற்பகலில்தான் தொடங்கும். மத்தியானம் வெளியே போகிறவர்கள் கழற்றிவிட்டே போவது நல்லது. வீட்டில் இருந்தால் மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணி முடிய முன்னரே முழக்கம் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும். தலைக்கு மேல் முழங்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள், மோடம் போனால் போகட்டும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணித்தியாலம் கழித்து மாட்டலாம். மின்வெட்டுக்குப் பிறகு கரண்ட் வந்தாலும் சில நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோடத்தை விட ஆளுக்கு ஆபத்து இதில்தான். பல அடப்டர்களுக்கு இரண்டு கால்தான். நம் வீடுகளில் உள்ள மூன்று ஓட்டைச் சதுரப் பிளக் பொயின்றில் மேல் ஓட்டைக்குள் ஏதாவது போனால்தான் கீழ் இரண்டும் திறக்கும். பிள்ளைகள் அதற்குப் பேனை முனையையோ ஆணியையோ செருகித் திறந்து, அடப்டரை அமுக்கிவிடுவார்கள். கால்கள் அதற்குள் இறுக்கமாக நிற்காது. தொய்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளக் பொயின்ற் கருகும். ஒருநாள் அந்த ஆணி கீழ் ஓட்டைக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று கால் உள்ள மாற்றுப் பிளக்கைக் கடையில் வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை. ஏற்கெனவே கருகிய பொயின்றை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள்.

சிக்னலுக்காக வெளியே நீண்ட குழாயில் அன்ரனா ஏற்றச் சொல்லி யாராவது சொன்னால், மின்கம்பிக்குக் கிட்டவே வேண்டாம். குழாய் சரிந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும், எர்த்தும் முறையாகப் போட வேண்டும். மோடத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மரத்தில் கட்டுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

பேரப்பிள்ளை விடயம். வைஃபை அலையின் வலு மிகக் குறைவு, தூரம் கூடக் கூட அதுவும் விரைவாகக் குறையும். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் போட்டது உண்மை. சான்று குறைவாக இருக்கும்போது போடுகிற பட்டியல் அது. கையேடுகள் உடம்பிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வைக்கச் சொல்கின்றன. யன்னலடி மேசைக்கும் படுக்கைக்கும் இடையில் ஒரு மீற்றர் இருந்தால் தாராளம். பிள்ளைக்கு எட்டக்கூடாதது அடப்டரும் தொங்குகிற வயரும்தான்.

மின்னலுக்குப் போன பழைய மோடத்தை எறிந்துவிட்டீர்களா? இல்லை என்றால் பொருத்தமான வேறோர் அடப்டரைப் போட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பல நேரங்களில் அடப்டர் மட்டும்தான் போயிருக்கும். மோடத்தின் அடியில் 12 வோல்ற், 1 அம்பியர் என்பது போல எழுதியிருக்கும். போடுகிற அடப்டரில் வோல்ற் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. கூட்டல், கழித்தல் அடையாளம் போட்ட சிறு வட்டப் படமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது மோடத்தையும் கையோடு கொண்டு போங்கள்.