எலும்பு வளர வழி விட வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பல் பிடுங்கிய குழியில் எலும்புத் தூள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கும் உலோக வேர்) போட ஐந்து மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். அவ்வளவு நாள் தேவையா? வாயில் ஒன்றிரண்டு துகள் வேறு வருகிறது. (அம்மாபேட்டை)

பதில்: தேவைதான். தூள் என்று சொன்னாலும் அவை பெரும்பாலும் 0.25 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான மணிகள். டம்ளரில் ஜவ்வரிசியைக் கொட்டினால் மணிகளுக்கு நடுவே இடைவெளி நிற்கும். அதையே மாவாக்கிக் கொட்டி அமுக்கினால் நிற்காது. அந்த இடைவெளியில்தான் இரத்தம் உறைகிறது, நுண்ணிய இரத்தக்குழாய்கள் நுழைகின்றன, அவற்றின் பின்னால் எலும்பு வருகிறது. மணிகளை இறுக்கி அடைத்தால் வழி அடைபட்டுப்போகும். குழியின் சுவரிலிருந்து நடுவுக்கு எலும்பு வந்து சேர நாலைந்து மாதம் ஆகும். முதல் சில நாட்கள் ஒன்றிரண்டு மணி உதிர்வது சகஜம். பலமாகக் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். கொத்தாக உதிர்ந்தாலோ சீழ் வந்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எலும்பு உள்ளே புகுந்து வளரத் துளைகளோடு செய்யும் டைட்டானியச் சாரத்தை (தாங்கு சட்டத்தை) முப்பரிமாண அச்சில் எடுக்கப் போகிறோம். துளை 100 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) போதும் என்கிறது ஒரு கட்டுரை, 600 வேண்டும் என்கிறது இன்னொன்று. எதை எடுப்பது? (இயந்திரவியல் மாணவர், கருப்பூர்)

பதில்: 100 என்பது எலும்பு உள்ளே நுழையத் தேவையான குறைந்தபட்ச அளவாக 1970களிலிருந்து சொல்லப்படுவது. அந்த அளவில் இரத்தக்குழாய் நெருக்கியடித்துத்தான் போகும். உயிர்வளி எட்டாத இடத்தில் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவோ குருத்தெலும்போ உருவாகும். அதனால் 300க்கு மேல் வையுங்கள். டைட்டானியத்துக்கு 500 முதல் 700 வரை நல்ல தொடக்கம். 1000ஐத் தாண்டினால் செல்கள் ஒட்டும் பரப்பு குறையும், துளை நிரம்ப நாளாகும்.

இதைவிட முக்கியம், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும் வாசல். 600 மைக்ரான் அறைக்கு 80 மைக்ரான் வாசல் வைத்தால், இரத்தக்குழாயைப் பொறுத்தவரை அது 80 மைக்ரான் சாரம்தான். மாணவர்களின் வரைபடங்களில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

விறைப்பையும் கணக்கிடுங்கள். துளையில்லாத டைட்டானியக் கலப்புலோகத்துக்கு அது சுமார் 110 கிகாபாஸ்கல் (விறைப்பின் அலகு). கெட்டி எலும்புக்கு 15 முதல் 20. விறைப்பு தோராயமாக ஒப்படர்த்தியின் (மொத்தக் கன அளவில் உலோகம் நிற்கும் பங்கின்) வர்க்கத்தில் குறையும். 65 சதவீதம் வெற்றிடம் விட்டால் 110 × 0.35 × 0.35, அதாவது சுமார் 13. சாரம் எலும்பைவிட மிக விறைப்பாக இருந்தால் பாரத்தையெல்லாம் அதுவே தாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலியும். அதற்காக வெற்றிடத்தை 85 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் கம்பிகள் அயர்ந்து முறியும். ஓராண்டில் ஒவ்வொரு காலும் சுமார் 10 லட்சம் அடி வைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கம்பி கம்பியாகச் சேரும் பின்னலைவிட, வளைந்த பரப்பாகத் தொடரும் ஜைராய்டு வடிவம் நல்லது. கூர்மையான இணைப்பு இல்லாததால் விரிசல் தொடங்கும் இடம் குறைவு. குழிந்த பரப்பில் எலும்பும் வேகமாகப் படியும்.

அச்சில் வருவது வரைபடம் அல்ல. 15 முதல் 45 மைக்ரான் உலோகத்தூள் பாதி உருகிக் கம்பிகளில் ஒட்டுவதால் துளை சுருங்கும். மைக்ரோ சிடி (மிக நுண்ணிய சிடி ஸ்கேன்) எடுத்து அளந்த பிறகே அளவைச் சொல்லுங்கள். அச்சு எழும்பும் அடித்தட்டுக்கு 45 பாகைக்குக் கீழே சாயும் கம்பிகள் தொய்யும். உள்ளே சிக்கிய தூளைக் காற்றழுத்தம், மீயொலித் தொட்டி, அமில அரிப்பு என்று வரிசையாக நீக்க வேண்டும். ஒரு பக்கம் அடைபட்ட துளையைச் சுத்தம் செய்யவே முடியாது. அதை வரையும்போதே தவிருங்கள்.

கேள்வி: நம்ம ஊர் வெள்ளைக்கல்லில் இருக்கும் மெக்னீசியத்தில்தான், முறிந்த எலும்பைப் பிடித்துப் பிறகு உடம்பிலேயே கரையும் ஸ்க்ரூ செய்கிறார்களா? கரைந்தால் விஷமாகாதா? (ஆசிரியை, ஓமலூர்)

பதில்: தனிமம் அதேதான். ஆனால் இங்கே வெட்டும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டு, உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல்லுக்குப் பயன்படுத்துகிறார்கள். விஷ பயம் வேண்டாம். நம் உடம்பிலேயே சுமார் 25 கிராம் மெக்னீசியம் உண்டு, பாதிக்கு மேல் எலும்பில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் வாயு. ஒரு கிராம் மெக்னீசியம் கரைந்தால் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். மெதுவாக வந்தால் உடம்பு வெளியேற்றிவிடும். வேகமாக வந்தால் குமிழி தேங்கி எலும்பை விலக்கும். ஆகவேதான் வேறு தனிமங்களைக் கலந்து கரையும் வேகத்தைக் குறைக்கிறார்கள், சின்ன ஸ்க்ரூக்களோடு நிறுத்துகிறார்கள். தொடக்க மாதங்களில் எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் அது இந்த வாயுவாக இருக்கலாம், உடனே சீழ் என்று பதறாதீர்கள். வலி, காய்ச்சல், வீக்கம் சேர்ந்திருந்தால் மட்டுமே கவலை.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டச் சரிவில் விழுந்து அப்பாவுக்குக் கால் எலும்பு நொறுங்கிவிட்டது. நடுவில் இடைவெளி. செயற்கை எலும்பு இருக்கும்போது இடுப்பிலிருந்தும் ஏன் எலும்பு எடுக்கிறார்கள்? அவருக்குச் சர்க்கரை உண்டு, பீடியும் பிடிப்பார்.

பதில்: செயற்கை எலும்பு வழி மட்டுமே காட்டும், அதில் உயிருள்ள செல் கிடையாது. இடுப்பு எலும்பில் செல்லும் உண்டு, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் உண்டு. பெரிய இடைவெளிக்கு இரண்டையும் கலந்து வைப்பது சரியான முடிவு.

பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்குகிறது. எலும்புக்குச் சாப்பாடு போகும் வழியே அதுதான். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் அறுவைக்கு முன் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மருத்துவர் சொல்லும் வரை மேட்டுப் பாதையில் நடக்க விடாதீர்கள். பொருத்திய பாகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு பற்றும். 150ஐத் தாண்டினால் நார்த்திசுதான் மிஞ்சும். கண்ணுக்கே தெரியாத அசைவு அது.

கேள்வி: காலில் வைத்த பிளேட்டும் பாத்திர ஸ்டீலும் ஒன்றா? எடுத்தவுடன் பைக் ஓட்டலாமா? (சூரமங்கலம்)

பதில்: ஒன்றல்ல. பாத்திரத்துக்கு வழக்கமாக 304 ரகம். உடம்புக்குள் 316எல் ரகம். உப்புநீர் அரிக்காமல் இருக்க அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். பிளேட்டை எடுத்ததும் ஸ்க்ரூ இருந்த துளைகள் காலியாக நிற்கும். அவை நிரம்பச் சில மாதமாகும், அதுவரை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான் முறியும். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் தேதி சொன்ன பிறகு வண்டியை எடுங்கள்.