நூறு வரை சொல்கிறாள். ஐந்து ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லையே?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒன்று முதல் நூறு வரை மடமடவென்று சொல்கிறாள். ஆனால் "ஐந்து ஸ்பூன் எடுத்து வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறாள். கணக்கு வராதோ? டியூஷன் வைக்கலாமா?

பதில்: டியூஷன் வேண்டாம். நூறு வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பது போலத்தான். பொருளை எண்ணுவது வேறு வேலை: ஒரு பொருளுக்கு ஒரு எண், வரிசை மாறக் கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். 1978இல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாவதுதான் குழந்தைகளுக்குத் தாமதமாகப் பிடிபடும். 4 வயதில் அது முழுதாக வராதது சகஜம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பத்துப் புளியங்கொட்டையை முன்னால் வையுங்கள். "எனக்கு ஒன்று கொடு" என்று தொடங்கி இரண்டு, மூன்று என்று கேளுங்கள். தப்பாகக் கொடுத்தால் திருத்த வேண்டாம், முகத்திலும் காட்ட வேண்டாம். மூன்று வரை சரியாகக் கொடுத்து, நாலு கேட்டால் அள்ளிக் கொடுக்கிறாளா? அப்படியென்றால் இப்போது அவள் படிக்க வேண்டிய எண் நாலு. நூற்றொன்று அல்ல! தூக்கக் கலக்கத்தில் எந்தக் குழந்தையும் சொதப்பும், இன்னொரு நாளும் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஐந்தை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசி எண்தான் விடை என்பது இன்னும் பதியவில்லை.

சரி, எப்படிச் சொல்லித் தருவது? முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், அப்புறம் எண்ணுங்கள். "இதோ நாலு இட்லி. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு இட்லி." சாப்பிடும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவதும் இதே பயிற்சிதான். பாட்டி இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள், பொறுமை அதிகம். பரமபதம் இந்த வயதுக்கு நீளம். தரையில் வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு எண்களை எழுதிக் காய் நகர்த்துங்கள். காய் 4இல் இருந்து இரண்டு கட்டம் போகும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல், கட்டத்தில் உள்ள "ஐந்து, ஆறு" என்பதையே சொல்ல வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் எண்களின் வரிசை மனதில் பதிவது இதில்தான். விரல்விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள்.

தொண்ணூறில் தடுமாறினாலும் கவலை வேண்டாம். எண்பதுக்கு அடுத்து "ஒன்பது" என்ற ஒலியை எதிர்பார்க்கும் குழந்தைக்கு "நூறு" ஒலிக்கும் சொல்லைக் கொடுப்பது நம் மொழிதான்.

5 வயது முடிந்தும் மூன்று பொருளை எண்ணிக் கொடுக்கத் திணறினால், அல்லது பேச்சும் தாமதமாக இருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.