எச்-1பி விசாவில் இருந்துகொண்டு ஆன்லைனில் தோட்டா ஆர்டர் செய்துவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவி, எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருக்கிறார். போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். அங்கேயே வாடகைத் துப்பாக்கி எடுத்துச் சுட்டோம். அந்த உற்சாகத்தில் அன்று இரவே ஒரு இணையக் கடையில் 9 எம்.எம். தோட்டா 1,000 ஆர்டர் போட்டுவிட்டேன். தள்ளுபடி அன்றோடு முடிகிறது என்று போட்டிருந்தார்கள். என்னிடம் துப்பாக்கி கிடையாது. மறுநாள் இன்னொரு நண்பர், விசாவில் இருப்பவர்கள் தோட்டா வைத்திருக்கவே கூடாது என்றார். கடைக்கு மெயில் அனுப்பினால் ‘விற்றது விற்றதுதான், கேன்சல் கிடையாது’ என்கிறார்கள். பார்சல் இரண்டு நாளில் வந்துவிடும். தூக்கம் வரவில்லை. வாங்கி, கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிடலாமா? இப்போதாவது ஹண்டிங் லைசென்ஸ் எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அவசரமான விஷயம். அந்தப் பார்சலைக் கையில் வாங்காதீர்கள். மனைவியிடமும் சொல்லி வையுங்கள், அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கக் கூடாது. எச்-4 விசாவுக்கும் இதே தடைதான். பார்சல் நிறுவனத்துக்கு இன்றே போன் செய்து, டிராக்கிங் எண்ணைச் சொல்லி, ‘எனக்கு வேண்டாம், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்’ என்று பதிவு செய்யுங்கள். கடைக்கும் அதையே இரண்டு வரியில் மெயிலில் எழுதுங்கள். ‘பார்சலை ஏற்க மறுக்கிறேன்’ என்று மட்டும் போதும். விசா விவரம், பயம், மன்னிப்பு எதுவும் அதில் வேண்டாம்.

உங்கள் நண்பர் சொன்னது சரி. அமெரிக்க மத்தியச் சட்டத் தொகுப்பில் 18-வது தலைப்பு, 922(ஜி)(5) பிரிவு, எச்-1பி, எச்-4 போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையும் பெற்றுக்கொள்வதையும் குற்றமாக்குகிறது. துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம்தான். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை. முன்பு 10 ஆண்டாக இருந்தது. என்னைக் கேட்டால் உங்களைப் போன்றவர்களுக்குச் சிறையைவிடப் பெரிய ஆபத்து குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. இந்தப் பிரிவில் தண்டனை பெற்றால் அது ‘அக்ரவேட்டட் ஃபெலனி’, அதாவது குடியேற்றச் சட்டம் மிகக் கடுமையானதாகக் கருதும் குற்ற வகையில் சேரும். அதன்பின் நாடுகடத்தலில் இருந்து தப்பும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். இத்தனை வருடம் காத்திருந்த கிரீன் கார்டு வரிசையும் அதோடு போய்விடும்.

‘தப்பு என்றால் கடைக்காரன் ஏன் விற்றான்?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் ஆட்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான். துப்பாக்கி விற்கும்போது டீலர் பின்னணிச் சோதனை செய்தாக வேண்டும். தோட்டாவுக்கு மத்தியச் சட்டத்தில் அப்படி ஒரு சோதனை இல்லை. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டு, ஆன்லைனில் வாங்கியதை உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கின்றன. டெக்சாஸில் நேராக வீட்டு வாசலுக்கே வருகிறது. கார்டு எண் போட்டதும் ஆர்டர் ஏறியது என்பதால் சட்டம் உங்களை அனுமதித்துவிட்டதாக ஆகாது.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ரேஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு இதே மாதிரிதான் தொடங்கியது. படிக்க வந்த இடத்தில் விசா தகுதியை இழந்திருந்த ஒரு மாணவர், ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சில் ஒரு பெட்டி தோட்டா வாங்கி, ஒரு மணி நேரத்துக்குத் துப்பாக்கி வாடகைக்கு எடுத்துச் சுட்டார். மீதித் தோட்டா அவருடைய ஹோட்டல் அறையில் இருந்தது. மத்தியக் குற்ற வழக்காகிவிட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம், தான் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவர் என்பது குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது. இதைப் படித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு தடைச் சட்டம் இருப்பது தெரியாது என்ற வாதம் பொதுவாக எடுபடாது. ஆகவே, வாடகைத் துப்பாக்கிதானே என்று இனி ரேஞ்சுக்கும் போகாதீர்கள்.

ஹண்டிங் லைசென்ஸ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது வெறும் வதந்தி இல்லை. 922(ஒய்)(2) பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. ஆனால் துப்பாக்கியோ தோட்டாவோ உங்களிடம் இருக்கும் அந்த நேரத்தில் உரிமமும் செல்லுபடியாக இருந்தாக வேண்டும். இன்று எடுக்கும் உரிமம் போன வாரத்து ரேஞ்சைச் சரிசெய்யாது. பார்சல் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டால் சட்டத்தின் வாசகப்படி இடம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். அந்த உரிமம் காலாவதியாகும் நாளன்று அலமாரியில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தாலும் மறுபடி குற்றம். உங்களுக்கோ அந்தத் தோட்டாவே வேண்டாம். வேண்டாத பொருளை வைத்துக்கொள்ள எதற்கு ஓர் உரிமம்? திருப்பி அனுப்புங்கள்.

நண்பரிடம் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்த விசாத் தடை இல்லை, உண்மைதான். ஆனால் அவரிடம் கொடுக்க வேண்டுமானால் முதலில் அது உங்கள் கைக்கு வர வேண்டும். சட்டம் தடுப்பது அதைத்தான். அவர் வீட்டில், உங்கள் பொருளாக, உங்கள் சொல்படி இருந்தாலும் அது உங்கள் வசம் இருப்பதாகவே கோர்ட் பார்க்க முடியும்.

பணம் திரும்புமா என்பது இதற்கெல்லாம் அடுத்த கேள்வி. மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பலர் சொல்லும் மத்திய விதி, வீடு தேடி வந்து விற்பவர்களுக்கானது. ஆன்லைன் ஆர்டருக்கு அது கிடையாது. சொன்ன தேதிக்குள் கடை அனுப்பாவிட்டால்தான் ரத்து செய்து பணத்தைக் கேட்கும் உரிமை வரும். உங்கள் பார்சல் ஏற்கனவே கிளம்பிவிட்டது. திரும்பிப் போனதும் கடை கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம், தராமலும் போகலாம். போனால் போகட்டும் என்று விடுங்கள். கார்டு கம்பெனியிடம் ‘பொருள் வரவே இல்லை’ என்று பொய்ப் புகார் மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிப்பதற்குள் பெட்டி வாசலில் கிடந்தால் பிரிக்காதீர்கள், காரில் ஏற்றாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். தபால் நிலையத்துக்கு எடுத்துப்போவதும் தவறு. அமெரிக்க அஞ்சலில் தோட்டா அனுப்பவே தடை. அப்போதே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். உங்கள் கம்பெனியின் விசா வழக்கறிஞர் கம்பெனிக்கும் வேலை பார்ப்பவர் என்பதால், அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும், குடியேற்றச் சட்டமும் தெரிந்தவராக இருந்தால் நல்லது. பெட்டியை யாரிடம், எப்படி ஒப்படைப்பது என்பதை அவர் ஏற்பாடு செய்வார். அவரைப் பார்க்காமல் நீங்களாகப் போலீசுக்குப் போன் செய்து கதை முழுவதையும் ஒப்பிக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் வேண்டாம்.

பயத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தையும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆர்டர் மெயில், ரசீது, டிராக்கிங் பக்கம் எதையும் அழிக்காதீர்கள். மத்திய விசாரணைக்குத் தடையாக ஆவணங்களை அழிப்பது தனிக் குற்றம். அதற்கு 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. போதாததற்கு, பார்சலை நீங்கள் மறுத்ததற்கு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சியே அந்தப் பதிவுகள்தான்.

பார்சல் திரும்பிப் போனாலும் அந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும், பின்னால் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும், கைதாகாமல் போன குற்றம் ஏதாவது செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. ரேஞ்சில் சுட்டதற்கு அங்கே என்ன பதில் எழுதுவது என்பதை உங்கள் தாள்கள் எல்லாவற்றையும் பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும். பொய் எழுதினால் அது வேறொரு வழக்கு.

கடைசியாக, அன்று ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையை ஊருக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து பாருங்கள். பக்கவாட்டுப் பையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 25(1பி) பிரிவில் குறைந்தபட்ச தண்டனையே இரண்டு ஆண்டு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்தும் செய்திருக்கின்றன. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை ஊருக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும், அமெரிக்காவில் வேலை காத்திருக்காது. பையில் ஏதாவது கிடைத்தால் தொடாமல் வைத்துவிட்டு, அதே வழக்கறிஞருக்குத்தான் முதல் போன்.