மீட்கப்பட்ட வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டுமா?

நாகர்கோவிலில் மீட்ட வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள், ஒட்டும். அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

எங்களிடம் வந்தவள் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கே நடுங்குவாள். கூப்பிடாமல், தொடாமல், முள் எடுத்த சாளை மீனைச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நாலாம் நாள் ராத்திரி தானாக வந்து அம்மாவின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கினாள். பாவம், எத்தனை நாள் தூக்கமோ! முழுதாகப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அப்புறம், காது நுனியில் வெட்டு இருந்தால் பெரும்பாலும் கருத்தடை முடிந்த நாய். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை வருடந்தோறும் போட வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.