கூட்டாளிகளை விரட்ட வேண்டாம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். பத்தாவது படிக்கும் மகன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நான்கைந்து பேரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். போனைப் பிடுங்கினால் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறான். அந்தப் பையன்களோடு சேரமாட்டேன் என்று சத்தியம் வாங்கியும் பயனில்லை. சேர்க்கைதான் காரணமா?

பதில்: சேர்க்கையும்தான், ஆனால் அது மட்டும் இல்லை சகோதரி. தட்டு பறந்த பிறகு என்ன ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், சரிதானே? நாளெல்லாம் கொழுந்து பறித்து, மூட்டை சுமந்து, நிறுவைக்குக் காத்து நின்று வந்தவருக்கு மல்லுக்கட்டத் தெம்பு ஏது. ஆனால் நீங்கள் கத்த, அவன் அதைவிடக் கத்த, கடைசியில் நீங்கள் ஓய்ந்துபோக, சத்தம் போட்டால் காரியம் நடக்கும் என்று அவன் வீட்டிலேயே படித்துக்கொள்கிறான். ஜெரால்டு பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல குடும்பங்களில் பார்த்து எழுதியது இந்தச் சுழலைத்தான். போனுக்கு நேரம் வைப்பதென்றால் சண்டை இல்லாத ஒரு நாளில் அவனையும் உட்கார வைத்துப் பேசி வையுங்கள், அப்புறம் தட்டு பறந்தாலும் மாற்றாதீர்கள்.

கூட்டாளி விஷயத்துக்கு வருகிறேன். 2005இல் கார்ட்னர், ஸ்டெயின்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கார் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றை ஆடவிட்டுப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது வளரிளம் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிடத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள், பெரியவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. (நம் கொண்டை ஊசி வளைவில் ஒரே பைக்கில் மூன்று பேர் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.) அதற்காகச் சத்தியம் வாங்கினால் பழக்கம் நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி துருவிக் கேட்டு வந்ததல்ல, பிள்ளையே வந்து சொன்னது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்களை வீட்டுக்கு வரச்சொல்லி டீயும் வர்க்கியும் கொடுங்கள். யார் வீட்டுப் பிள்ளைகள், எவன் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மட்டம் போடுவதற்கு வகுப்பில் அடியோ கேலியோ காரணமா என்று வகுப்பாசிரியரிடமும் விசாரியுங்கள். போதைப் பழக்கம் என்று சந்தேகம் வந்தாலோ, சாகிறேன் என்று அவன் பேசினாலோ தள்ளிப்போடாமல் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், "அப்பா வரட்டும், இருக்கு உனக்கு" என்பதை விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு முறை வருகிறவரைப் போலீஸ் ஆக்கவேண்டாம். அடுத்த முறை வரும்போது பையனை முடிவெட்ட அவரே கூட்டிப்போகட்டும், மார்க் பேச்சை மட்டும் எடுக்காமல்.