ஹேண்டில் ஆடுது, எந்த புஷ் போடலாம்?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள், அதாவது புஷ், தேய்ந்துவிட்டன. பித்தளை போடவா?

பதில்: ரப்பரே போடுங்கள் தம்பி. பித்தளையில் ஹேண்டில் அசையாதுதான். ஆனால் எஞ்சின் அதிர்வு நேரே உள்ளங்கைக்கு வரும். நான் ஒருமுறை போட்டேன். கல்லடிப் பாலம் தாண்டி ஆரையம்பதி போவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன, அந்த வாரமே கழற்றினேன். ரப்பர் மெத்தென்று இருப்பது பிடிக்காவிட்டால் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போடலாம், அது ரப்பருக்கும் பித்தளைக்கும் நடுவில். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். எல்லாப் புஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள். கிரீஸ் பூசாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும். அப்புறம், முன்சில்லைத் தூக்கி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.